தோட்டா உறை எத்தனை தடவை தாங்கும்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வெளிநாட்டில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகிற நம்மவர்கள் வீட்டிலேயே தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்வது, அதாவது ரீலோடிங், பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பித்தளை உறையைப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டாவில் குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், உறை என்று நாலு பாகம். முதல் மூன்றும் ஒரு முறை சுட்டதும் தீர்ந்துவிடும். உறை மட்டும் துள்ளி வெளியே விழும், அதைப் பொறுக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து (அந்த அச்சைத்தான் டை என்கிறோம், அழுத்துகிற கருவி பிரஸ்), புது பிரைமர் வைத்து நிரப்பலாம். நாலில் விலை கூடியதும் அதுதான், அதனால்தான் எல்லாருக்கும் அதன் மேல் இவ்வளவு அக்கறை.

.308 வின்செஸ்டர் தோட்டா, போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (பின்னால் உள்ள போல்ட் என்கிற பூட்டுத் தண்டைக் கையால் இழுத்து மூடும் வகை). நூறு உறைகளை ஐந்தாவது முறை நிரப்பப் போகிறேன். நாலைந்து உறைகளில் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. குண்டைப் பிடிக்கும் கழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. டையில் உரசிய தடம், கவலைப்படாதே என்கிறார் நண்பர். நிரப்பலாமா? (டாலஸ் வாசகர்)

நிரப்பாதீர்கள். நண்பர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஏனென்றால் டை உரசினாலும் அந்த இடத்தில் ஒரு பளபளப்பு வரும், ஆனால் அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டரை மட்டும் செங்கோணமாக மடக்கி, அந்த நுனியை அரத்தில் கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உறைக்குள் விட்டு, அடியைத் தொட்டபின், சுவரோடு ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அங்கே சுவர் உள்பக்கமாக மெலிந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் ஒரு புது உறையில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள், தடித்த அடிப்பாகம் சுவராக மாறும் இடத்தில் இயல்பாகவே ஒரு சரிவு இருக்கும், அதைப் பள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றில் பள்ளம் தட்டினால் அதே வயதுள்ள நூறையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரே துப்பாக்கியில், ஒரே டையில், ஒரே எண்ணிக்கை அடி வாங்கியவை, மீதி மட்டும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ரீலோடிங் ஆரம்பித்த முதல் வருடம் நான் இந்தப் பள்ளத்தைத் தேடவே இல்லை. ஒரு நாள் ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) சுட்டுவிட்டு போல்ட்டை இழுத்தால் உறையின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது, மேல் குழாய் முழுவதும் சேம்பருக்குள்ளேயே (தோட்டா உட்காரும் துப்பாக்கி அறைக்குள்ளேயே) மாட்டிக்கொண்டது. கன்னத்தில் சூடான காற்று பட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கம்பி விட்டுப் பார்க்காமல் நான் எதையும் நிரப்புவதில்லை.

இது ஏன் வருகிறது என்பதைத்தான் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். டை வாங்கும்போது கூடவே வரும் தாளில், டையை ஷெல்ஹோல்டரை (உறையின் அடியைப் பிடித்துக்கொள்ளும் பிரஸ் பாகம்) தொடும்வரை இறக்கி, அதற்கு மேல் இன்னும் கால் சுற்றுத் திருப்பு என்று போட்டிருக்கும். அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டுமே என்று எழுதியது. உங்கள் சேம்பர் கொஞ்சம் நீளமாக இருந்தால், அப்படி இறக்கும்போது உறையின் தோள் (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு) தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இப்போது அந்தத் தோட்டாவைச் சேம்பரில் வைத்துச் சுட்டால் என்ன நடக்கும்? ஊசி அடித்து உறையை முன்னால் தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் மெல்லிய முன்சுவர் சேம்பர் சுவரைக் கப்பென்று பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பாகம் மட்டும் பிடிமானம் இல்லாமல் பின்னால் போய் போல்ட்டில் மோதுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவர்தான் மிட்டாய் மாதிரி இழுபடுகிறது. அப்புறம் நாம் மறுபடி தோளைத் தள்ளுகிறோம், மறுபடி இழுபடுகிறது. உறையைக் கெடுப்பது பாதி துப்பாக்கி என்றால் மீதிப் பாதி நம் பிரஸ் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

வழி சுலபம். வெர்னியர் கேலிப்பரில் மாட்டுகிற கம்பேரேட்டர் ஒன்று வாங்குங்கள், அடியிலிருந்து தோள்வரை உள்ள நீளத்தை அது காட்டும். இரண்டு மூன்று முறை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்ட உறையை அளந்துகொள்ளுங்கள் (ஒரே முறை சுட்டது சேம்பரை முழுசாக நிரப்பியிருக்காது, பிரைமரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்). பிறகு டையை மேலேற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அந்த அளவைவிடத் தோள் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்னால் போகும்படி நிறுத்துங்கள். மில்லிமீட்டரில் 0.03 முதல் 0.05, தலைமுடியின் தடிமன்கூட வராது. போல்ட் தடையில்லாமல் மூட அது போதும். இந்த ஒரே ஒரு மாற்றத்துக்குப் பிறகு என் .308 உறைகளில் அடி வளையம் என்ற பேச்சே இல்லை, கழுத்து கெட்டால்தான் உண்டு.

கழுத்து என்றதும் இன்னொன்று, உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இழுபட்ட பித்தளை முன்பக்கமாக நகர்ந்து கழுத்தை நீளமாக்கும். .308க்கு உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம், அதைத் தாண்டினால் 2.005க்கு வெட்டி, வாயை உள்ளும் புறமும் பிசிறெடுக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் கழுத்தின் வாய் சேம்பர் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். அடிக்கடி வெட்ட வேண்டி வருகிறதென்றால் அதுவே ஒரு சேதி: பித்தளை எங்கிருந்தோ நகர்ந்து வருகிறது, அந்த இடம் மெலிகிறது.

ஆறாவது தடவையிலேயே கழுத்தில் நெடுக விரிசல் விடுகிறது. மருந்து குறைவாகத்தான் போடுகிறேன். நெருப்பில் காட்டினால் சரியாகும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. (அடிலெய்ட் வாசகி)

பயப்பட வேண்டாம், ஆனால் எதைச் சூடாக்குகிறோம், எதைத் தொடவே கூடாது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

தோட்டா உறை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. கன்னார் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் தட்டினால் கீறல் விடும், அதனால் நடுவில் நெருப்பில் காட்டிப் பதப்படுத்திவிட்டு மறுபடி தட்டுவார்கள். உறையின் கழுத்தும் அதே கதைதான். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது, டைக்குள் இருக்கும் உருண்டை வெளியே வரும்போது மறுபடி விரிகிறது, குண்டு வைக்கும்போது இன்னும் கொஞ்சம். மருந்து குறைவாகப் போட்டாலும் இந்த நாலு அடியும் விழத்தான் செய்யும், ஆகவே உங்கள் மருந்தின் மேல் தப்பில்லை.

பதப்படுத்துவதைத்தான் அனீலிங் என்கிறார்கள். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பிரைமர் கழற்றிய வெறும் உறைகள் மட்டும். உயிருள்ள பிரைமரோ மருந்து டப்பாவோ அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கராஜில் விளக்கைக் குறைத்துக்கொண்டு, புரொப்பேன் டார்ச்சை ஒரு இடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, டிரில்லில் மாட்டிய ஆழமான சாக்கெட்டுக்குள் உறையைப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டு, நீலச் சுடரின் நுனி கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் படும்படி பிடிப்பேன். மூன்று நாலு விநாடி ஒன்றும் தெரியாது. அப்புறம் கழுத்தின் நிறம் மங்கி, நிழல் மாதிரி ஒரு நீலம் தோளைத் தாண்டி இறங்க ஆரம்பிக்கும். இருட்டில் கழுத்து விளிம்பு லேசாகச் சிவக்கிறதோ இல்லையோ என்று சந்தேகம் வரும் அந்த நொடியில் கவிழ்த்துவிட வேண்டும். நன்றாகச் சிவந்து ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் கழுத்து மெழுகாகிவிட்டது, குண்டைப் பிடிக்காது, அந்த உறையை ஒதுக்கிவிடுங்கள். என் டார்ச்சுக்கு .308 உறை ஆறு விநாடி எடுக்கிறது, உங்களுடையதற்கு வேறாக இருக்கும், அதனால் முதலில் குப்பைக்குப் போக வேண்டிய பத்து உறைகளில் பழகிக்கொள்ளுங்கள். கண்ணை நம்ப முடியாவிட்டால் வெப்பம் ஏறினால் உருகுகிற அடையாளப் பூச்சு கிடைக்கிறது: கழுத்தின் உள்ளே சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகுவது, தோளுக்குக் கீழே உடம்பில் 230 டிகிரிப் பூச்சு. மேலே உருக வேண்டும், கீழே உருகவே கூடாது.

கீழே ஏன் கூடாது? அடிப்பாகம்தான் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது, அது கெட்டியாக இருந்தே தீர வேண்டும். அடி இளகிய உறையைச் சுட்டால் வெடிவாயு பின்பக்கம், உங்கள் முகத்துக்கு நேராக வரும். உறைகளைத் தட்டில் வரிசையாக வைத்து சமையல் ஓவனில் வைப்பதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டைக் கூட்டினால் அடியும் சேர்ந்து இளகும், கூட்டாவிட்டால் கழுத்துக்கும் பலன் இல்லை.

நெருப்பில் காட்டிய சூட்டோடு உறையைத் தண்ணீரில் போட்டால் விறைத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விறைக்காது. அது எஃகுக்கு உள்ள குணம், பித்தளைக்குக் கிடையாது. தண்ணீரில் போட்டாலும் ஈரத்துணி மேல் போட்டாலும் தானாக ஆறவிட்டாலும் ஒன்றுதான், தண்ணீரில் போட்டால் அப்புறம் காயவைக்கிற வேலை சேரும், அவ்வளவே. நான் மூன்று தடவைக்கு ஒரு தடவை பதம் கொடுக்கிறேன். போட்டிகளில் சுடுபவர்கள் பலர் ஒவ்வொரு தடவையும் செய்கிறார்கள், பிடிமானம் எல்லா உறைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்காக.

இப்போதே விரிசல் விட்டவை போனது போனதுதான், நெருப்பு விரிசலை ஒட்டாது. அந்தப் பெட்டியில் மீதி இருப்பவற்றைப் பதப்படுத்துங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பழைய லீ-என்ஃபீல்ட், .303. இரண்டாவது, மூன்றாவது தடவையிலேயே உறை அடியில் விட்டுப்போகிறது. துப்பாக்கியில் கோளாறா? (டொராண்டோ வாசகர்)

ஊரில் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய அதே த்ரீ நாட் த்ரீ! கோளாறு என்று சொல்ல மாட்டேன், அதன் பிறப்பே அப்படி. சண்டைக்களத்தில் சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள், போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் சுடும்போது கொஞ்சம் நெகிழவும் செய்யும். உறை அடியில் துருத்திய விளிம்பில்தான் நிற்கிறது, தோள் காற்றில் இருக்கிறது. அதனால் முதல் தடவையிலேயே உறை நிறைய இழுபட்டுவிடுகிறது. இருந்தாலும் ஒரு முறை துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் உறை முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கச் சொல்லிவிடுங்கள், பழைய துப்பாக்கிகளில் போல்ட் தலை மாறிப்போயிருப்பது சகஜம்.

அது சரியாக இருந்தால் ஒரு சின்ன உபாயம். புது உறையை முதல் தடவை சுடும்போது, விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங்கை மாட்டிச் சேம்பரில் போடுங்கள். போல்ட்டை மூடினால் ரப்பர் அழுங்கி, உறையைப் பின்னால் போல்ட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சுட்டதும் இழுபடுவதற்குப் பதில் தோள் முன்னால் ஊதி, சேம்பரின் வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கழுத்தை மட்டும் சுருக்குங்கள், தோளைத் தொடாதீர்கள். போல்ட் மூடக் கஷ்டப்பட்டால் மட்டும் துளியூண்டு தள்ளலாம். அந்த உறையை வேறு .303இல் போடக் கூடாது, அது உங்கள் துப்பாக்கிக்கென்று தைத்த சட்டை. மூன்று தடவையில் போனது பத்தைத் தொடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு உறைகளைச் சுத்தம் செய்யலாமா? என் மனைவியின் யோசனை. (நியூ ஜெர்சி வாசகர்)

யோசனை தப்பில்லை, புளியில் இருக்கும் அமிலம்தான் கறுப்பை எடுக்கிறது, ரீலோடிங் செய்கிறவர்களும் சிட்ரிக் அமிலத்தைத்தான் தண்ணீரில் போடுகிறார்கள். அளவுதான் விஷயம். அமிலம் கூடினாலோ ராத்திரி முழுக்க ஊறினாலோ பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, மேலே செம்பின் இளஞ்சிவப்பு தெரியும். குத்துவிளக்கில் அது நிறம் மட்டுமே, உறையில் அது பலவீனம். புளிச் சக்கை பிரைமர் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் நான் சிட்ரிக் அமிலம் கால் ஸ்பூன், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, அவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். பிறகு நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். சமையலறையில் மட்டும் வேண்டாம், பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, அந்தத் தண்ணீர் சோற்றுப் பாத்திரம் பக்கம் போகவே கூடாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

பிராஸோ மாதிரி அம்மோனியா நெடி அடிக்கும் பாலிஷ் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்தின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் சுடாத தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. மழைப் பருவத்தில் வருவதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் பருவம் அல்ல, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, ஈரக்காற்று, பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசை, மூன்றும் சேர்ந்ததுதான் என்பது 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் செய்த ஆராய்ச்சியில் தெளிவானது. நம் உறையின் கழுத்திலும் அதே இழுவிசை தங்கியிருக்கிறது, அதில் போய் அம்மோனியாவைத் தடவுவானேன்?

பளபளப்பு உறையின் ஆயுளைக் கூட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரியும் மண்ணும் போனால் போதும், அவை டையையும் சேம்பரையும் கீறும்.

ரேஞ்சில் கீழே கிடக்கும் .223 உறைகளை வாளி வாளியாக அள்ளி வருகிறேன். ஏஆர்-15 அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குப் போடலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

போடலாம், ரேஞ்ச்காரர் அனுமதித்தால். முதலில் காந்தம் காட்டுங்கள், ஒட்டினால் எஃகு உறை, தள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்த்து நடுவில் ஒரு துளை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஓரமாக இரண்டு சின்னத் துளை இருந்தால் நம் டைக்கு ஆகாது. ராணுவ 5.56 (.223இன் ராணுவ இணை) உறையில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், அந்த விளிம்பை எடுத்துவிட்டுத்தான் புது பிரைமர் வைக்க முடியும், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். எந்தத் துப்பாக்கியில் சுட்டதோ தெரியாது என்பதால் முதல் தடவை முழு அளவுக்குச் சுருக்குங்கள். அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குத் தோள் ஆயிரத்தில் மூன்று நாலு பங்கு பின்னால் போவதே பாதுகாப்பு, போல்ட் முழுசாக மூடாமல் சுடக் கூடாதல்லவா? அதனால் ஏஆர் உறைக்குப் போல்ட் ஆக்‌ஷன் அளவுக்கு ஆயுள் கிடைக்காது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வயது தெரியாத உறை என்பதால் கம்பி சோதனை இதற்குக் கட்டாயம்.

பிரைமர் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. (பெயர் வேண்டாம் என்கிறார்)

அந்த உறை முடிந்தது. அதைவிட முக்கியம், ஏழெட்டு தடவைக்குள்ளேயே இப்படி ஆகிறதென்றால் மருந்தை அளவுக்கு மேல் போடுகிறீர்கள். அழுத்தத்தில் அடிப்பாகம் விரிந்துதான் குழி தளர்கிறது, இதற்கு எந்தப் பதமும் கிடையாது. கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்கு இறங்கி வாருங்கள்.

ஊரிலேயே இதைச் செய்யலாமா? (கோவை வாசகர்)

உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது இதற்கு உரிமம் ஆகாது. செய்யாதீர்கள்.

கடைசியாக எத்தனை தடவை என்று ஒரு எண் சொல்லுங்கள். (கல்கரி வாசகர்)

எண் சொன்னால் அந்த எண்ணை நம்பிக் கம்பி சோதனையை விட்டுவிடுவீர்கள், அதுதான் என் பயம். டையைச் சரியாக வைத்து, பதம் கொடுத்து, மருந்தை மிதமாகப் போட்டால் போல்ட் ஆக்‌ஷன் .308 பதினைந்தைத் தாண்டுவது அபூர்வம் இல்லை. எதையும் கவனிக்காமல் போட்டால் ஐந்தில் முடியும்.

எண்ணுக்குப் பதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது உறை கொண்ட பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: எந்தத் துப்பாக்கி, எத்தனாவது தடவை, எப்போது வெட்டினேன், எப்போது பதம் கொடுத்தேன். ஒரு பெட்டி உறை இன்னொரு பெட்டிக்குப் போகக் கூடாது. என் பழைய பெட்டியின் அட்டையில் பென்சில் கோடுகள் இப்போது பதினேழு இருக்கின்றன, அதில் ஐம்பது உறை முப்பத்தொன்றாகக் குறைந்திருக்கிறது, போனவை எல்லாம் கழுத்து விட்டவை, அடி விட்டது ஒன்றுகூட இல்லை. ஒதுக்குகிற உறையின் வாயை உடனே இடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய இரும்புச் சாமான் வாளியில் போடுங்கள். நசுக்காமல் மேசை ஓரத்தில் வைத்த உறை அடுத்த வாரம் எப்படியோ நல்ல உறைகளோடு சேர்ந்து டைக்கு வந்து நிற்கும்.